பெயரே முத்திரை
அமெரிக்க வெள்ளி ஆசாரிகளிடம் நாம் கற்கும் வணிகப் பாடம்

'நாணயம்' என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. கல்லாவில் விழுவதும் நாணயம்; கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் இருக்க வேண்டியதும் நாணயம். முதலாவது நாணயம் தாறுமாறாகக் கிடந்த ஒரு நாட்டில், இரண்டாவது நாணயத்தை மட்டும் முதலாக வைத்துக் கொண்டு சுமார் நூற்றைம்பது ஆண்டுக் காலம் தொழில் செய்த சிலரைப் பற்றி இக்கட்டுரையில் பார்ப்போம். அவர்கள் சுதந்திரம் அடைவதற்கு முந்தைய அமெரிக்காவில் வாழ்ந்த வெள்ளி ஆசாரிகள். அவர்கள் செய்த கரண்டி, குவளை, தேநீர்க் கெண்டி போன்றவை இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றின் அழகைப் பற்றி எழுதக் கலை விமர்சகர்கள் இருக்கிறார்கள். அவற்றுக்குப் பின்னால் இருந்த வணிக ஒழுங்கைத்தான் நாம் தெரிந்து கொள்ள வேண்டும்.

வங்கி இல்லாத ஊர்

பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா ஆகிய துறைமுக ஊர்கள் அப்போது இங்கிலாந்தின் காலனிகளாக இருந்தன. அங்கே வெள்ளிச் சுரங்கம் கிடையாது. இங்கிலாந்தும் தன் வெள்ளிக் காசுகளை வெளியே அனுப்ப விரும்பவில்லை. வணிகர்கள் மீன், மரம், மாவு முதலியவற்றை மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஏற்றி அனுப்பினார்கள். பதிலுக்குச் சர்க்கரையும், சர்க்கரைப் பாகும், ஸ்பானிய வெள்ளிக் காசுகளும் வந்தன. மெக்சிகோவிலும், தென் அமெரிக்காவின் பொட்டோசி மலையிலும் வெட்டியெடுத்த வெள்ளிதான் அந்தக் காசுகள். பொட்டோசியில் பழங்குடி மக்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்துச் சென்றார்கள். சர்க்கரைத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்தார்கள். மேசையில் பளபளத்த வெள்ளிக்குப் பின்னால் இந்த வேதனையும் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

ஒரு கடைக்காரரின் கல்லாவில் ஸ்பானியக் காசு, போர்ச்சுகீசியக் காசு, டச்சுக் காசு, இங்கிலாந்துக் காசு எல்லாம் கலந்து கிடந்தன. காசின் ஓரத்தைச் சுரண்டி வெள்ளியைத் திருடியிருப்பார்கள். சில காசுகள் முழுவதுமே கள்ளக் காசாக இருக்கும். போதாக்குறைக்கு ஒவ்வொரு காலனியும் ஒரே காசுக்கு ஒவ்வொரு மதிப்பு வைத்திருந்தது. பணத்தைப் போட்டு வைக்க வங்கியும் இல்லை. அமெரிக்காவின் முதல் வங்கியான 'பாங்க் ஆஃப் நார்த் அமெரிக்கா' பிலடெல்பியாவில் திறந்தது 1782-இல்தான்.

அப்படியானால் கையில் நாலு காசு மிச்சம் பிடித்த வணிகர் அதை என்ன செய்தார்? பையில் கட்டி வெள்ளி ஆசாரியின் பட்டறைக்குக் கொண்டு போனார். ஆசாரி காசை உருக்கி, மூடி வைத்த பெரிய குவளையாகவோ, காதுபிடி வைத்த கஞ்சிக் கிண்ணமாகவோ, ஒரு டஜன் கரண்டியாகவோ செய்து கொடுத்தார். விருந்தாளி வந்தால் மேசையில் அழகு. பண நெருக்கடி வந்தால் உருக்கிக் காசு. அந்த வீடுகளில் வெள்ளிப் பாத்திரம் வைத்த அலமாரிதான் வங்கிப் பெட்டகம்.

திருட்டுக்கும் இது ஓரளவு காப்பாக இருந்தது. காசுப் பை திருடு போனால் எது யாருடைய காசு என்று சொல்ல வழியில்லை. குவளையில் வீட்டுக்காரரின் பெயரெழுத்தோ குடும்பச் சின்னமோ வெட்டியிருக்கும். ஆசாரியின் முத்திரையும் இருக்கும். திருடு போனால் பத்திரிகையில் அடையாளங்களைச் சொல்லி விளம்பரம் கொடுப்பார்கள். விற்க வருபவனை மடக்கிப் பிடிக்க அது உதவியது.

ஜான் ஹல் செய்த காரியம்

கள்ளக் காசுத் தொல்லை பொறுக்க முடியாமல், மாசசூசெட்ஸ் காலனியின் சட்டசபை 1652-இல் பாஸ்டனில் சொந்தமாக நாணயச் சாலை அமைத்தது. பொறுப்பை ஜான் ஹல் என்ற வெள்ளி ஆசாரியிடம் ஒப்படைத்தது. ஹல் 1624-இல் இங்கிலாந்தில் பிறந்து, சிறுவனாகக் குடும்பத்தோடு பாஸ்டன் வந்தவர். லண்டனில் தொழில் பழகிய ராபர்ட் சாண்டர்சன் என்பவரைத் தம் பங்காளியாகச் சேர்த்துக் கொண்டார். இருவருடைய முத்திரையும் சேர்ந்து விழுந்த கிண்ணங்களும் கரண்டிகளும்தான் இன்று கிடைக்கும் அமெரிக்க வெள்ளிப் பாத்திரங்களில் மிகப் பழையவை.

இந்த நாணயச் சாலையில் இரண்டு செய்திகள் கவனிக்கத் தக்கவை. முதலில் அடித்த காசில் ஒரு பக்கம் இரண்டு எழுத்தும், மறுபக்கம் மதிப்பும் மட்டுமே இருந்தன. மீதி இடம் வெறுமை. ஓரத்தைச் சுரண்டினால் தெரியாது என்று உடனே புரிந்து கொண்டு, அதே ஆண்டிலேயே அமைப்பை மாற்றினார்கள். இரு பக்கமும் விளிம்பை ஒட்டி எழுத்தும் புள்ளி வளையமும், நடுவில் ஒரு மரமும் வந்தன. அதன் பிறகு ஓரத்தில் கை வைத்தால் வளையம் காட்டிக் கொடுத்து விடும். ஏமாற்றுகிறவனைத் திட்டிக் கொண்டிராமல், ஏமாற்ற முடியாதபடி சரக்கை அமைத்தார்கள்.

இரண்டாவது செய்தி எடையைப் பற்றியது. பாஸ்டன் ஷில்லிங்கின் எடை 72 கிரெயின். இங்கிலாந்து ஷில்லிங் சுமார் 93 கிரெயின். அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. வெள்ளியின் தரமோ இங்கிலாந்துக் காசின் தரமேதான். காசு ஊரை விட்டு வெளியே போய்விடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இந்தக் குறைந்த எடை ஒளிவுமறைவாக இல்லாமல் சட்டத்திலேயே வெளிப்படையாக வைக்கப்பட்டது. எடை குறைந்த சரக்கு விற்பது குற்றமல்ல. எடையை மறைப்பதுதான் குற்றம். இந்த வேறுபாட்டை அன்றே அறிந்திருந்தார்கள்.

ஹலிடம் தொழில் பழகியவர்களில் ஒருவர் ஜெரமையா டம்மர். 1645-இல் பிறந்த இவர்தான், அமெரிக்க மண்ணில் பிறந்து தொழில் பழகிப் பெயர் பெற்ற முதல் வெள்ளி ஆசாரி என்று கருதப்படுகிறார்.

முத்திரை போட அரசு அலுவலகம் இல்லை

லண்டனில் இருந்த முறை வேறு. அங்கே 1300-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெள்ளிப் பொருள்களைச் சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை இட்டார்கள். 1363 முதல் செய்தவரின் முத்திரையும் கட்டாயமாயிற்று. 1478-இல் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்தது. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்ற 'ஸ்டெர்லிங்' தரத்துக்கு ஆசாரிகள் சங்கத்தின் மண்டபமே பொறுப்பு. சோதனையில் தேறாத பொருளை அங்கேயே உடைத்து விடுவார்கள்.

அமெரிக்கக் காலனிகளில் அப்படிப்பட்ட சோதனைச் சாலை எதுவும் இல்லை. பாத்திரத்தின் அடியில் இருந்தது ஆசாரியின் பெயரெழுத்தோ, முழுப் பெயரோ மட்டும்தான். இதன் பொருளை ஒரு வணிகர் எளிதில் உணர்வார். ஆயிரத்துக்கு 925 பங்கு இருக்க வேண்டிய இடத்தில் 880 பங்கு வைத்துச் செம்பைக் கூட்டினாலும் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது. உரைகல்லில் உரைத்துப் பார்க்கவோ, உலையில் வைத்துப் புடமிட்டுப் பார்க்கவோ தெரிந்தவர் மற்றோர் ஆசாரிதான். வாங்க வந்தவர் நம்பியது அந்தப் பெயரெழுத்துகளைத்தான். அவர் கொண்டு வந்த காசும் ஒரே தரமாக இருக்கவில்லை. ஸ்பானிய டாலரில் 1728 வரை ஆயிரத்துக்குச் சுமார் 930 பங்கு வெள்ளி இருந்தது; அதன் பின் சுமார் 917 ஆகக் குறைந்தது. எந்தக் காசை உருக்கினால் என்ன தரம் வரும் என்று கணக்குப் பார்த்து, சுத்தம் செய்து, சொன்ன தரத்தை ஒட்டிக் கொடுப்பது ஆசாரியின் மனச்சாட்சிக்கு விட்ட வேலை.

அந்த மனச்சாட்சியை ஊர்ப் பழக்கமும் காத்தது. வாடிக்கையாளர்கள் அடுத்த தெருவிலும் அதே தேவாலயத்திலும் இருந்தார்கள். இன்று செய்து கொடுத்த குவளை இருபது ஆண்டு கழித்து உருக்குவதற்கு இன்னொரு பட்டறைக்குப் போகும். அங்கே உண்மை வெளிவந்து விடும். அதுவும் பெயர் அடியிலேயே பொறித்திருக்கும்போது தப்ப வழியேது?

பட்டறைக்குள்ளே

ஓர் ஆசாரி உருவாக வழக்கமாக ஏழு ஆண்டுகள் ஆயின. பதினான்கு வயதுப் பையன் ஒப்பந்தம் எழுதி ஆசானின் வீட்டிலேயே தங்கி, கரி அள்ளுவது, துருத்தி ஊதுவது, மெருகு தேய்ப்பது என்று தொடங்குவான். இருபத்தொரு வயதில் தொழில்காரனாக வெளியே வருவான். எல்லோரும் அப்படி வெளியே வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் போன்ற ஊர்களில், தேர்ந்த கைவேலை தெரிந்த அடிமைகளும் பட்டறைகளில் இருந்தார்கள். அவர்கள் செய்த பொருளில் விழுந்தது எசமானின் பெயர்.

வேலை முறை இது: காசுகளை மூசையில் இட்டு உருக்கிக் கட்டியாக வார்ப்பார்கள். கட்டியைச் சம்மட்டியால் அடித்துத் தகடாக்குவார்கள். அடிக்க அடிக்க வெள்ளி இறுகிப் போகும். அப்போது நெருப்பில் காய்ச்சி மறுபடி இளக்குவார்கள். தகட்டை வட்டமாக வெட்டி, இரும்புப் பட்டடையின் மேல் வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினால் சுவர் எழும்பிக் கிண்ணமாகும். கைப்பிடியையும் மூக்கையும் தனியாக வார்த்துப் பற்ற வைப்பார்கள். பிறகு மெருகு, அதன் பின் எழுத்து வெட்டு. கடைசியாக முத்திரை.

இதோடு இன்னொரு நல்ல வழக்கமும் இருந்தது. பல பாத்திரங்களின் அடியில் அவுன்ஸ், பென்னிவெயிட் கணக்கில் எடையை ஊசியால் கீறி வைத்தார்கள். ஓர் அவுன்சுக்கு இருபது பென்னிவெயிட். ஓர் அவுன்ஸ் என்பது சுமார் 31 கிராம். வாங்கியவர் எப்போது வேண்டுமானாலும் தராசில் வைத்துச் சரி பார்த்துக் கொள்ளலாம். இன்றும் அருங்காட்சியகத்தார் அந்தக் கீறலைப் பார்த்து, முந்நூறு ஆண்டுத் தேய்மானம் எவ்வளவு என்றும், கைப்பிடி பின்னால் மாற்றப்பட்டதா என்றும் கண்டு பிடிக்கிறார்கள்.

மளிகைச் சரக்கும் வெள்ளிப் பாத்திரமும்

இந்த ஆசாரிகள் என்ன செய்வார்கள் என்பதை முடிவு செய்தது மளிகைச் சரக்கு என்றால் மிகையில்லை. சர்க்கரை விலை உயர்ந்த பண்டமாக இருந்தபோது அதற்கென்று பூட்டு வைத்த வெள்ளிப் பெட்டி வந்தது. பாஸ்டனில் ஜான் கோனி, எட்வர்ட் வின்ஸ்லோ என்ற இரு ஆசாரிகள் செய்த சர்க்கரைப் பெட்டிகள் புகழ் பெற்றவை. மேலெல்லாம் புடைப்பு வேலை செய்து, சாவி போட்டுப் பூட்டி வைக்கும் பெட்டிகள் அவை. சர்க்கரை மலிந்து எல்லா வீட்டுக்கும் வந்ததும் பூட்டு போயிற்று. திறந்த கிண்ணமும், கட்டி எடுக்கும் சிறு இடுக்கியும் வந்தன.

தேயிலை வந்ததும் தேநீர்க் கெண்டி வந்தது. தொடக்கத்தில் தேயிலை விலை அதிகம் என்பதால் கெண்டி கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியது. விலை இறங்க இறங்கக் கெண்டி பெரிதாயிற்று. காப்பிக்கு உயரமான ஜாடி, மிளகுத் தூளுக்குத் துளையிட்ட குப்பி, உப்புக்குக் கிண்ணம், பாலுக்குச் சின்னக் குடுவை என்று ஒவ்வொரு சரக்கும் தனக்கொரு பாத்திரத்தைக் கேட்டு வாங்கியது. எந்தச் சரக்குக்கு விற்பனை கூடுகிறது என்று பார்த்து, அடுத்து எது கேட்பார்கள் என்று முன்கூட்டி அறிந்த ஆசாரி பிழைத்தார்.

பால் ரெவரின் பேரேடு

இவர்களில் உலகம் முழுதும் தெரிந்த பெயர் பால் ரெவர். இவருடைய தந்தை பிரான்சிலிருந்து சிறுவனாக வந்து, மேலே சொன்ன ஜான் கோனியிடம் தொழில் பழகியவர். ரெவர் 1775 ஏப்ரல் 18-ஆம் தேதி இரவு குதிரையில் சென்று இங்கிலாந்துப் படை வருவதை எச்சரித்ததற்காகப் பள்ளிப் புத்தகங்களில் இடம் பெற்றார். நமக்கு அவர் விட்டுச் சென்ற பெரிய சொத்து வேறு. 1761 முதல் 1797 வரையிலான அவருடைய அன்றாடக் கணக்குப் புத்தகங்கள் இரண்டு இன்றும் பாஸ்டனில் பாதுகாப்பாக உள்ளன.

அந்தக் கணக்கைப் பார்த்தால், ஒரு பாத்திரத்துக்கு வெள்ளியின் விலை தனி வரி, செய்கூலி தனி வரி. எழுத்து வெட்டியிருந்தால் அதற்கும் தனிக் கூலி. வாடிக்கையாளர் பழைய வெள்ளி கொடுத்திருந்தால் அதன் எடை வரவில் இருக்கும். இந்த முறையை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1750-க்குப் பின் மாசசூசெட்சில் ஓர் அவுன்ஸ் வெள்ளிக்குச் சட்டப்படி 6 ஷில்லிங் 8 பென்ஸ். ஒரு குவளை 24 அவுன்ஸ் என்று வைத்துக் கொண்டால் வெள்ளி மதிப்பு 160 ஷில்லிங், அதாவது 8 பவுண்டு. சுமார் 28 ஸ்பானிய டாலரை உருக்கினால் அந்த எடை வரும். இந்த 8 பவுண்டு என்றைக்கும் வாடிக்கையாளரின் சொத்து. உருக்கினால் திரும்பக் கிடைக்கும். அதற்கு மேல் போட்ட செய்கூலிதான் ஆசாரியின் வருமானம். அது திரும்பக் கிடைக்காது. எது நிற்கும், எது கரையும் என்று வாங்குபவர் முதலிலேயே அறிந்து வாங்கினார். பிறகு மனக்குறைக்கு இடமே இல்லை.

பெரிய பாத்திரங்கள்தான் பெயரைக் கொடுத்தன. சோற்றைக் கொடுத்தவை சிறு சாமான்கள். கரண்டியும், செருப்புக் கொக்கியும், பொத்தானும், பழுது பார்ப்பதும் ரெவரின் கணக்கில் மீண்டும் மீண்டும் வருகின்றன. மற்ற ஆசாரிகளுக்கும் அவர் மொத்தமாகச் செய்து கொடுத்தார். தொழில் மந்தமானபோது செப்புத் தகட்டில் படம் வெட்டினார். பல் கட்டும் வேலையும் செய்தார். போருக்குப் பின் இரும்புச் சாமான் கடை வைத்தார், மணி வார்த்தார், 1801-இல் செப்புத் தகடு உருட்டும் ஆலை தொடங்கினார்.

ஒருவரது அரசியல் அவரது தராசைத் தொடக் கூடாது என்பதற்கும் ரெவர் எடுத்துக்காட்டு. 1768-இல் 'சுதந்திரப் புதல்வர்கள்' இயக்கத்தைச் சேர்ந்த பதினைந்து பேர் அவரிடம் ஒரு பெரிய வெள்ளிக் கிண்ணம் செய்யச் சொன்னார்கள். அரசரின் கட்டளைக்குப் பணியாத 92 சட்டசபை உறுப்பினர்களைப் போற்றும் கிண்ணம் அது. எடை 45 அவுன்ஸ். பதினைந்து பேரின் பெயரும் விளிம்பில் உண்டு. 1949-இல் பொது மக்களிடமும், பள்ளிப் பிள்ளைகளிடமும்கூட நன்கொடை திரட்டிப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்காக அதை வாங்கினார்கள். அதே ரெவர் 1773-இல், அரசர் பக்கம் நின்ற டாக்டர் வில்லியம் பெய்ன் என்பவருக்கு அவருடைய திருமணத்தையொட்டி 45 உருப்படிகள் கொண்ட வெள்ளிச் செட் செய்து கொடுத்தார். ரெவரின் கணக்கிலேயே மிகப் பெரிய ஆர்டர் இதுதான். அதே ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. மறுநாளே அந்தச் செய்தியை எடுத்துக் கொண்டு நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் குதிரை ஏறியவர் ரெவர்! டாக்டர் பெய்னின் கெண்டியில் எடை குறைந்ததாகவோ வேலை குறைந்ததாகவோ யாரும் சொல்லவில்லை.

நியூயார்க்கில் மையர் மையர்ஸ் என்ற யூத ஆசாரியும் இப்படித்தான். தம் சமயத்தாரின் ஆலயங்களுக்குச் செய்தது போலவே கிறிஸ்தவ சபைக்கும் செய்து கொடுத்தார். 1786-இல் அந்த ஊர்ப் பொன், வெள்ளி ஆசாரிகள் சங்கத்துக்கு அவரே தலைவரானார். பிலடெல்பியாவில் பிலிப் சிங் 1752-இல் பென்சில்வேனியாச் சட்டசபைக்கு ஒரு வெள்ளி மைக்கூடு செய்தார். 1776-இல் சுதந்திரப் பிரகடனத்திலும், 1787-இல் அரசியல் சட்டத்திலும் கையெழுத்திட அந்த மைக்கூடுதான் பயன்பட்டது. செய்து கொடுத்தபோது சாதாரண ஆர்டர். வரலாறு பின்னால் வந்து சேர்ந்தது.

பெயர் கெட்டால்

எல்லோரும் உத்தமர்கள் அல்லர். ரோட் ஐலண்டு காலனியில் சாமுவேல் கேசி என்ற ஆசாரி இருந்தார். கைத்திறனில் யாருக்கும் இளைத்தவர் அல்லர். இன்றும் அவருடைய பாத்திரங்களை அருங்காட்சியகங்கள் மதிக்கின்றன. 1764-இல் அவருடைய வீடு தீப்பிடித்து எரிந்து பெரும் நட்டம் ஏற்பட்டது. சில ஆண்டுகளில் அவர் கள்ளக் காசு அடிப்பதில் இறங்கினார். 1770-இல் பிடிபட்டார், தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு நாள் இரவு ஒரு கூட்டம் சிறையை உடைத்து அவரை விடுவித்து விட்டது. உயிர் பிழைத்தார், தொழில் பிழைக்கவில்லை.

காசு உருக்கத் தெரிந்த கைக்குக் காசு வார்க்கவும் தெரியும். ஒரே உலை, ஒரே மூசை, ஒரே வெள்ளி. அதே தொழிலறிவால் ஜான் ஹல் ஒரு காலனியின் நாணயத்தை நிமிர்த்தினார்; கேசி அதைக் கெடுத்தார். நட்டம் வந்த நேரத்தில் எடுக்கும் முடிவுதான் வணிகரின் பெயரைத் தீர்மானிக்கிறது. லாபம் கொழிக்கும் காலத்தில் நேர்மையாக இருப்பது பெரிய காரியம் அல்லவே!

பெயர் மட்டும் போதுமா?

போதாது என்பதையும் அந்த நாட்டின் பிற்கால வரலாறு காட்டுகிறது. ஊர் சிறியதாக, வாங்குபவரும் விற்பவரும் முகம் தெரிந்தவராக இருந்தவரை பெயர் போதுமாக இருந்தது. ஊர் பெருகி, சரக்கு தூர தேசம் போகத் தொடங்கியதும் முகம் தெரியாதவர் எப்படி நம்புவார்? பால்டிமோரில் 1814-இல் சோதனைச் சாலை அமைத்து, கட்டாய முத்திரை கொண்டு வந்தார்கள். 1830-உடன் அந்த ஏற்பாடு நின்றது. நாடு முழுமைக்குமான முத்திரைச் சட்டம் 1906-இல்தான் வந்தது. தரத்தைப் பொறித்தால் பக்கத்தில் தயாரித்தவரின் குறியும் இருந்தே ஆக வேண்டும் என்று 1961-இல் திருத்தம் செய்தார்கள். தரத்தை எழுதிவிட்டு ஆளை மறைத்தால் பயனில்லை என்று சட்டமே ஒப்புக் கொண்டது.

பெயருக்கு மதிப்பு ஏறினால் போலியும் வரும். ரெவரின் முத்திரையைப் போலியாக வெட்டிப் பிற்காலப் பாத்திரங்களில் அடித்து விற்றவர்கள் உண்டு. இதைக் கண்டுபிடிக்க இன்று எக்ஸ்ரே கதிர்களைப் பாய்ச்சி உலோகத்தைச் சோதிக்கிறார்கள். பழைய காலத்து வெள்ளியில் மிகச் சிறு அளவில் தங்கமும் ஈயமும் ஒட்டியிருக்கும். மின்சாரம் கொண்டு சுத்திகரித்த பிற்கால வெள்ளியில் அவை அநேகமாக இருக்காது. பொய் முத்திரை கண்ணை ஏமாற்றலாம். உலோகத்தை மாற்ற முடியாது.

நம் கடைக்கு என்ன பாடம்?

நாம் வெள்ளி விற்பவர்கள் அல்லர். பருப்பும் புளியும் எண்ணெயும் விற்பவர்கள். ஆனாலும் நம்மில் பலர் இன்னும் மூட்டையைப் பிரித்து, நிறுத்து, பொட்டலம் கட்டித்தான் விற்கிறோம். அந்தப் பொட்டலத்தின் தரத்துக்கு வாடிக்கையாளர் பார்க்கும் முத்திரை நம் கடையின் பெயர்தான். ஆகவே அந்த ஆசாரிகளிடமிருந்து நான்கு பழக்கங்களை நாம் எடுத்துக் கொள்ளலாம்.

ஒன்று: கட்டித் தரும் பொட்டலத்தில் கடையின் பெயர் தெளிவாக இருக்கட்டும். பெயரைப் போடத் தயங்கும் சரக்கை வாங்கி வைக்கவே வேண்டாம். கொள்முதல் செய்யும்போதே, 'இதன் மேல் நம் பெயரைப் போடுவோமா?' என்று ஒரு கேள்வி கேட்டுக் கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

இரண்டு: எடையை எழுதிக் கொடுங்கள். அடியில் எடையைக் கீறி வைத்த ஆசாரியைப் போல, சரிபார்க்கும் வசதியை வாடிக்கையாளருக்கு நாமே கொடுத்து விட வேண்டும். சரிபார்க்கலாம் என்று அறிந்தவர் பெரும்பாலும் சரிபார்க்க மாட்டார், நம்பி வருவார்.

மூன்று: பில்லில் சரக்கின் விலை தனியாகவும், அரைப்புக் கூலி, ஏற்றுக் கூலி, வண்டி வாடகை போன்றவை தனியாகவும் இருக்கட்டும். மொத்தமாகப் போட்ட தொகை சந்தேகத்தை வளர்க்கும். பிரித்துப் போட்ட தொகை, கூடுதலாகவே இருந்தாலும், மனத்தாங்கலை வளர்க்காது.

நான்கு: அன்றாடக் கணக்கை அன்றே எழுதுங்கள். ரெவர் ஒரு குதிரைச் சவாரியால் புகழ் பெற்றார். ஆனால் அவர் எப்படிப்பட்ட வணிகர் என்று இருநூறு ஆண்டுக்குப் பின்னும் சாட்சி சொல்வது அவருடைய கணக்குப் புத்தகம். நம் பிள்ளைகள் கடையை ஏற்று நடத்தும் நாளில், யாரிடம் எவ்வளவு பாக்கி, யாருக்கு நாம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லப் போவதும் அதுதான்.

காலனிக் காலத்து வெள்ளிப் பாத்திரங்களில் பல, நாகரிகம் மாறியபோதும் பணம் தேவைப்பட்டபோதும் உருக்கப்பட்டு மறைந்தன. தேவாலயங்களுக்குக் காணிக்கையாகப் போனவையும், குடும்பங்கள் விடாமல் காப்பாற்றியவையும் மட்டும் நின்றன. அவற்றைத் திருப்பிப் பார்த்தால் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு முத்திரை. உள்ளே இரண்டு எழுத்து. அவ்வளவுதான் அந்த வணிகர் கொடுத்த உத்தரவாதம். வாங்கியவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.